சிவப்புக் கொப்பியும் ஒக்டோபர் மாதமும்

1949ஆம் ஆண்டின் கோடைகாலம். அமெரிக்காவின் நியூயோர்க் நகருக்கு அண்மையில், லோங் ஐலன்ட் தீவிலுள்ள ரொக்வில் சென்டர் என்ற சிற்றூர். ஆறு வயதுச் சிறுமியொருத்தி வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் மடியில் ஒரு சிவப்பு நிறக் கொப்பியை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். கையில் பென்சில். வானொலியில் பேஸ்போல் விளையாட்டின் நேர்முக வர்ணனை போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் என்ன நடந்தது என்று அவள் கொப்பியின் சிறு சிறு கட்டங்களுக்குள் குறித்துக்கொள்கிறாள். பின்னேரம் அப்பா வேலையால் வந்து சாப்பிட்டு முடிந்ததும், அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, அன்றைய ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை சொல்லிக் காட்ட வேண்டும். அதுதான் அவளது வேலை.

அந்தச் சிறுமிதான் பின்னாளில் அமெரிக்காவின் பெயர்பெற்ற வரலாற்றாசிரியரான டொரிஸ் கேர்ன்ஸ் குட்வின். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜனாதிபதி ரூஸ்வெல்டையும் அவரது மனைவி எலினோரையும் பற்றி எழுதிய நூலுக்காக 1995இல் புலிட்சர் பரிசு பெற்றவர். ஆனால் நான் இங்கே சொல்லப்போவது அந்தப் பெரிய நூலைப் பற்றியல்ல. 1997இல் அவர் தமது சிறுபராயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ‘அடுத்த வருஷம்வரை பொறுத்திருங்கள்’ என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு மகள், ஒரு விளையாட்டு. அவ்வளவுதான் கதை.

இதை எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. வேலை நிமித்தம் மீள்குடியேறிய கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தபோது, கணவனை இழந்த ஒரு அக்காவுடன் பேசிக்கொண்டிருந்தேன். கோழி வளர்ப்பு, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எங்கள் படிவத்தில் இருந்த கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு அவர் தானாகவே ஒன்று சொன்னார். “அவர் இருக்கேக்கை பின்னேரத்திலை அண்டைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவன் தங்கச்சி. ஆடு குட்டி போட்டது, கிணத்திலை தண்ணி வத்தினது எல்லாம். இப்ப ஆரிட்டைச் சொல்லுறது?” எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. எப்போதோ வாசித்த இந்தச் சிவப்புக் கொப்பிதான் நினைவுக்கு வந்தது.

பேஸ்போலைத் தெரியாதவர்கள் நமது பாடசாலைகளில் ஆடும் எல்லே விளையாட்டை நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் பந்தை எறிய, மற்றவர் மட்டையால் அடித்துவிட்டு, மூன்று நிலைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். திரும்பி வந்து சேரும் அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வீடு’. ஒன்பது பேர் கொண்ட குழு, ஒன்பது இன்னிங்ஸ். மணிக்கூட்டைப் பார்த்து முடிக்கும் ஆட்டமல்ல. ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பர் கடைசிவரை ஏறக்குறைய நாள்தோறும் நடக்கும். அந்தக் காலத்தில் ஒரு குழு ஒரு பருவத்தில் 154 ஆட்டங்கள் ஆடியது. இப்போது 162. எனவே இது விசேட நாளுக்கு மட்டும் வரும் விருந்தாளியல்ல, நாளாந்தம் வீட்டுக்குள் வந்துபோகும் அயலவர் மாதிரி.

அந்தக் கொப்பியில் குறிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒவ்வோர் இலக்கம் உண்டு. பந்து எறிபவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிப்பவர் 2, இப்படியே 9 வரை. 6-4-3 என்று எழுதினால், ஆறாம் இடத்தில் நிற்பவர் பந்தை எடுத்து நாலாம் ஆளுக்கு எறிந்தார், அவர் மூன்றாம் ஆளுக்கு எறிந்தார், ஓடிய இருவர் ஆட்டமிழந்தார்கள் என்று பொருள். இவ்வளவையும் மூன்று இலக்கங்கள் சொல்லிவிடும். பழகிய ஒருவர் ஐம்பது வருடங்களுக்கு முந்திய ஒரு தாளைக் கையில் எடுத்தாலும் அந்த நாளின் ஆட்டத்தை மனக்கண்ணில் திரும்ப ஓடவிடலாம்.

சிறுமி டொரிஸ் தொடக்கத்தில் ஒரு பிழை விட்டாள். அப்பா வாசலுக்கு வந்ததுமே “வென்றுவிட்டார்கள்!” என்றோ “தோற்றுவிட்டார்கள்!” என்றோ கத்திவிடுவாள். அதன் பிறகு கதை சொல்ல என்ன இருக்கிறது? நாளடைவில் முடிவை வாய்க்குள் அடக்கிவைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொல்லப் பழகினாள். வரலாற்றைக் கதையாகச் சொல்லும் வித்தையை அங்கேதான் கற்றதாக அவர் பல இடங்களில் கூறியிருக்கிறார். இன்னொன்றையும் சொல்லுவார். அடுத்த நாள் பத்திரிகையில் அந்த ஆட்டத்தின் விபரமெல்லாம் வந்துவிடும் என்பதை அப்பா அவளுக்குச் சொல்லவேயில்லை. தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும் என்று நெடுநாள் நம்பியிருந்தாளாம். ஒரு பிள்ளைக்குத் தன் பேச்சு பெறுமதியானது என்று உணர்த்துவதற்கு இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உளவளத்துணைப் பயிற்சி வகுப்புகளில் ‘செவிமடுத்தல்’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி எடுத்திருக்கிறேன். அந்த அப்பா எந்த வகுப்புக்கும் போகவில்லை.

அவர் யார்? மைக்கேல் கேர்ன்ஸ். வங்கிகளின் கணக்குகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தர். சிறுவயதில் தம்பியை விபத்தொன்றில் இழந்தவர். அதன் பின்னே தாயும், தகப்பனும். அநாதைகளாக நின்றது அவரும் தங்கை ஒருத்தியும். பிற்காலத்தில் அந்தத் தங்கையும் போய்விட்டாள். இத்தனை சாவையும் கண்ட மனிதர் வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் சிரித்த முகமும் பேஸ்போலும்தான். பேசாமல் இருந்தது சரியா என்று கேட்டால், ஒரு சமூகப் பணியாளராக நான் சரியென்று சொல்லமாட்டேன். ஆனால் தன் துயரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல், தன்னிடமிருந்த ஒரே சந்தோஷத்தை மட்டும் அவளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார் என்பதையும் மறுக்க முடியாது.

அம்மா வேறு விதம். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இருதயம் பழுதடைந்தவர். வீட்டைவிட்டு வெளியே போவது குறைவு. பாடசாலையில் அதிகம் படித்தவரல்லர், ஆனால் கையில் புத்தகமில்லாமல் இருந்ததில்லை. இரவில் மகளுக்கு வாசித்துக் காட்டுவார். மகளோ புத்தகக் கதையைவிட, “நீங்கள் என்னளவில் இருந்தபோது என்ன செய்தீர்கள் அம்மா?” என்று கேட்டு அந்தக் கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாளாம். அம்மாவை இளமைக் காலத்திலேயே நிறுத்திவைத்தால் நோயும் முதுமையும் அவரை நெருங்காது என்பது பிள்ளையின் கணக்கு. இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அப்பாவின் கொப்பியைத்தான் சொல்வார்கள். நோயாளியான அம்மா கட்டிலிலிருந்து கொடுத்த கதைகளை யாரும் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கும் இதுதானே நடக்கிறது!

இலை உதிரும் காலம்

நமக்கு இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்றில்லை. ஐப்பசி பிறந்தால் மழை. அவர்களுக்கோ செப்டெம்பர் கடைசியில் காற்றுக் குளிரத் தொடங்கும். மேப்பிள் மரங்கள் சிவந்து மஞ்சளாகி இலைகளைக் கொட்டும். வீட்டார் எல்லோரும் சேர்ந்து முற்றத்து இலைகளை வாரிக் குவிப்பார்கள். பிள்ளைகள் அந்தக் குவியலில் பாய்ந்து குழப்பிவிட, திரும்பவும் கூட்ட வேண்டியிருக்கும். அப்பிள் பழம் பறிப்பது, பூசணிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பது, ஒக்டோபர் 31ஆம் திகதி பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்புக்குப் போவது, நவம்பர் நாலாவது வியாழக்கிழமை நன்றி கூறும் நாளன்று வான்கோழி சமைத்து உறவினர் எல்லோரும் ஒன்றாக உண்பது என்று அந்த மூன்று மாதமும் வீட்டோடு கூடிய காலம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் 2ஆம் திகதி இறந்த ஆன்மாக்களின் தினமும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னே வருவது வேர்ல்ட் சீரிஸ். இரண்டு லீக்குகளிலும் முதலாவதாக வந்த இரு குழுக்கள் ஒக்டோபரில் மோதும் இறுதித் தொடர். நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவருக்குக் கிண்ணம். அந்தக் காலத்தில் இந்த ஆட்டங்கள் எல்லாம் பகலில்தான் நடந்தன. இரவில் முதலாவது ஆட்டம் நடந்தது 1971இல்தான். ஆகவே பாடசாலை மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவார்கள், கடைசி இன்னிங்ஸையாவது கேட்பதற்கு.

கேர்ன்ஸ் குடும்பத்தின் குழு புரூக்ளின் டொட்ஜர்ஸ். 1947இல் ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரரைச் சேர்த்து, அதுவரை வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த பெரிய லீக்குகளின் கதவைத் திறந்த குழு. நல்ல குழு, ஆனால் ராசியில்லாத குழு. 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறை இறுதித் தொடருக்கு வந்து, ஐந்து முறையும் நியூயோர்க் யாங்கீஸிடமே தோற்றது. ஒவ்வோர் ஒக்டோபரிலும் புரூக்ளின் மக்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்ட வாசகம்தான் டொரிஸின் நூலுக்குத் தலைப்பானது.

1951 ஒக்டோபர் 3ஆம் திகதி இன்னும் மோசம். இறுதித் தொடருக்குப் போகும் வாயிலில், கடைசி இன்னிங்ஸில், ஜயன்ட்ஸ் குழுவின் ஒரே அடியில் எல்லாம் போயிற்று. டொரிஸின் தெருவுக்கு அண்மையில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர்கள் ஜயன்ட்ஸ் ரசிகர்கள். எந்நாளும் அவளைப் பகிடி பண்ணுபவர்கள். அவமானத்தில் அவள் அந்தக் கடைப் பக்கமே போகாமல் விட்டாள். சில நாட்களில் கடைக்காரர்கள் அவளுக்கு ஒரு பூங்கொத்து அனுப்பிவைத்தார்கள், நீ வராமல் எங்களுக்குப் பொழுது போகவில்லை என்று. எட்டு வயதுப் பிள்ளைக்கு! வென்றவன் தோற்றவனைத் தேடிப் போய்ச் சமாதானம் சொல்லும் இந்தப் பழக்கம் விளையாட்டில் மட்டும்தான் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாவது பாவசங்கீர்த்தனத்தில், யாங்கீஸ் வீரர்களுக்குக் கைகால் முறிய வேண்டுமென்று விரும்பியதைத்தான் அவள் பாவமாகச் சொன்னாள். கேட்டிருந்த குருவானவரும் டொட்ஜர்ஸ் ரசிகராக இருந்தது அவளது அதிர்ஷ்டம். யாருக்கும் கேடு நினைக்காமலே ஒரு நாள் நம்மவர்கள் வெல்வார்கள் என்ற கருத்தில் அவர் ஆறுதல் சொல்லி அனுப்பினாராம்.

அந்த நாள் 1955 ஒக்டோபர் 4. ஏழாவது ஆட்டம், இரண்டுக்குப் பூச்சியம். புரூக்ளின் தெருக்களெல்லாம் சனம்.

இதனிடையே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டொரிஸ் பிறந்த 1943ஆம் ஆண்டில், இளைஞர்கள் போருக்குப் போய்க்கொண்டிருந்தபடியால், சிக்காகோவில் சூயிங்கம் வியாபாரியும் பேஸ்போல் குழுவின் உரிமையாளருமான பிலிப் ரிக்லி பெண்களுக்கென ஒரு லீக்கைத் தொடங்கினார். நான்கு குழுக்களுடன் ஆரம்பித்து 1954வரை நடந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட பெண்கள் சம்பளத்துக்கு ஆடினார்கள். குட்டைப் பாவாடையோடு ஆட வேண்டுமென்பது விதி. மண்ணில் சறுக்கி விழும்போது தொடைத் தோல் உரிந்துபோகும். போதாக்குறைக்கு, நளினமாக நடப்பது எப்படி என்று தொடக்கத்தில் பாடமும் எடுத்தார்கள். அந்தப் பெண்களைப் பற்றி நாடு நெடுங்காலம் பேசவேயில்லை. 1988இல்தான் கூப்பர்ஸ்டவுனிலுள்ள பேஸ்போல் நூதனசாலையில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

வீடும் போனது, குழுவும் போனது

1957 ஒக்டோபரில் டொட்ஜர்ஸ் நிர்வாகம் ஓர் அறிவித்தல் விடுத்தது. குழு புரூக்ளினை விட்டு, நாட்டின் மறுகரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறது. காரணம் பணமும் புதிய மைதானத்துக்கான காணியும். மூவாயிரம் மைலுக்கு அப்பால் போன குழுவை எந்த வானொலியில் கேட்பது? பழைய எபெட்ஸ் மைதானத்தை 1960இல் இடித்து அந்த இடத்தில் தொடர்மாடி வீடுகள் கட்டினார்கள்.

அடுத்த வருடமே அம்மா இறந்தார். டொரிஸுக்கு அப்போது 15 வயது. அம்மாவின் நினைவு நிறைந்த அந்த வீட்டில் அப்பாவால் இருக்க முடியவில்லை. வீட்டை விற்று ஒரு தொடர்மாடிக்குப் போனார்கள். இரண்டு வருடத்துக்குள் குழு இல்லை, அம்மா இல்லை, வீடு இல்லை, ஓடி விளையாடிய தெரு இல்லை.

குண்டு விழுந்து இழப்பதும் இதுவும் ஒன்றல்ல என்று நம் வாசகிகள் சொல்லலாம். சரிதான், ஒன்றல்ல. அவர்களை யாரும் இரவோடு இரவாகத் துரத்தவில்லை. ஆனால் பழகிய பின்னேரங்கள் இல்லாமற்போகும்போது ஒரு பிள்ளையின் மனதில் என்ன நடக்கிறது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லையென்றே எனக்குப் படுகிறது. சமூகவியல் படித்த காலத்தில் ‘சடங்கு’ என்றதும் கோயில், கலியாணவீடு, செத்தவீடு என்றுதான் எழுதுவோம். பின்னேரத்தில் ஓர் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்று எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

டொரிஸ் சில வருடங்கள் பேஸ்போலைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேற்படிப்புக்காக பொஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, அங்குள்ள ரெட் சொக்ஸ் குழுவின் ஃபென்வே பார்க் மைதானத்துக்கு ஒருநாள் போனார். பழைய, சிறிய, ஊர் நடுவில் இருக்கும் மைதானம். எபெட்ஸ் மைதானத்தின் சாயல். ரெட் சொக்ஸும் டொட்ஜர்ஸ் போலவே கைக்கெட்டியதை வாய்க்கெட்ட விடாத குழு. 1918க்குப் பிறகு கிண்ணமே இல்லை. மறுபடியும் அதே நோய் பிடித்துக்கொண்டது.

திருமணம் ஆயிற்று, ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். அதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். பேரப்பிள்ளைகளின் முகத்தை அவர் காணவில்லை. டொரிஸ் பிள்ளைகளை ஃபென்வேக்குக் கூட்டிச்சென்று, ரொபின்சன், ரீஸ், ஸ்னைடர் என்று புரூக்ளின் வீரர்களின் கதைகளைச் சொல்லுவார். சில வேளைகளில் அங்கே கண்களை மூடினால் எபெட்ஸ் மைதானத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றுமாம். கண்களைத் திறந்தால், அப்பா இருந்த இடத்தில் பிள்ளைகள் இருப்பார்களாம். பிள்ளைகள் ஒருநாளும் காணாத பாட்டனை அந்த வாங்குகளில்தான் அறிந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் இளையவர் 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு படையில் சேர்ந்து ஈராக்குக்குப் போனார். போரைப் பற்றிப் புத்தகம் எழுதிய தாய், போர்முனையிலிருந்து வரும் செய்திக்காகக் காத்திருக்கும் தாயாகவும் ஆனார்.

2004 ஒக்டோபர். ரெட் சொக்ஸ் யாங்கீஸுடனான தொடரில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றது. இன்னும் ஒன்று தோற்றால் வீடு. பிறகு நான்கையும் தொடர்ந்து வென்றது. அப்படி மீண்ட குழு அதற்கு முன் ஒன்றுமில்லை. ஒக்டோபர் 27 இரவு, வானத்தில் பூரண சந்திர கிரகணம் நடந்துகொண்டிருக்க, 86 வருடங்களுக்குப் பிறகு கிண்ணம் கிடைத்தது.

அடுத்து வந்த நாட்களில் மக்கள் தெருக்களுக்கு மட்டுமல்ல, சேமக்காலைகளுக்கும் போனார்கள். வெற்றிச் செய்தி வந்த பத்திரிகை, குழுவின் தொப்பி, சிறு கொடிகள் என்பவற்றைத் தகப்பன், தாய், பாட்டன், பாட்டி ஆகியோரின் கல்லறைகளில் வைத்துவிட்டு வந்தார்கள். வாழ்நாளெல்லாம் காத்திருந்து, காணாமலே போனவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது.

2016இல் சிக்காகோ கப்ஸ் குழு 108 வருடங்களுக்குப் பிறகு வென்றபோதும் இதுதான் நடந்தது. ஓர் ஆண்மகன் வேறொரு மாநிலத்திலிருந்து பகல் முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு வந்து, தகப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து, கடைசி ஆட்டத்தை வானொலியில் கேட்டார். இருவரும் சேர்ந்து கேட்பதென்று எப்போதோ பேசிவைத்திருந்தார்களாம். கப்ஸ் மைதானத்தின் வெளிச் செங்கற் சுவர்களில் சனங்கள் சோக்குக் கட்டியால் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதினார்கள். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு என்று. கைக்கெட்டும் இடமெல்லாம் நிறைந்துபோக, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று எழுதினார்கள். மழைக்கு அழிந்துவிடும் எழுத்துத்தான்.

அந்த அக்காவை அடுத்த முறை கண்டபோது இந்தக் கதையைச் சொன்னேன். பேஸ்போல் அவருக்கு விளங்கவில்லை, எல்லே என்றதும் விளங்கிற்று. சிறுமி வாசலிலேயே முடிவைக் கத்திவிடும் இடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

“என்ரை மகளும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்தாலை வந்து படலை திறக்க முந்தியே எல்லாத்தையும் கொட்டிப்போடுவாள். நான் அடுப்படியிலை நிண்டு ம், ம் எண்டுறது” என்றவர், கொஞ்சநேரம் கோழிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இண்டைக்கு வரட்டும், முதலிலையிருந்து சொல்லச் சொல்லிக் கேக்கிறன்” என்றார்.